கமராவுக்கு முதல் கொப்பி வாங்கு: இதழியல் படிக்கப் போகும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி,

உயர்தரப் பெறுபேறு வந்த அன்றே போன் எடுத்து, "அக்கா, இதழியல் படிக்கப் போறன், எந்தக் கமரா வாங்கட்டும்?" என்று கேட்டாய். வேலை அவசரத்தில் அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் உன் சிநேகிதிகளுக்கும் வாசித்துக் காட்டு.

அந்த வயதில் எனக்கும் கமராதான் கண்ணுக்குள் நின்றது. அம்மாவின் காப்பை அடகு வைத்து வாங்கிய கமராவோடு திருகோணமலையில் இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். முதல் நான்கு மாதமும் அது போர்டிங் அலுமாரிக்குள்தான் கிடந்தது. வகுப்பில் கேட்டதெல்லாம் ஒரு சம்பவத்தைப் பார்த்து வந்து முந்நூறு சொல்லில் பிழையில்லாமல் எழுதச் சொல்லித்தான். அது எனக்கு வரவில்லை. அந்தக் காப்பு மீளும்வரை அம்மா பட்ட பாடு, நீ சின்னவளாக இருந்தாலும், உனக்கும் ஞாபகம் இருக்கும். ஆகவே கமரா பிறகு. முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கு.

இனி நான் சொல்லப்போவது எல்லாம் மூன்று பழக்கத்துக்குள் அடங்கும்: போய்ப் பார். பெயரைக் கேட்டு எழுது. கணக்கைக் கூட்டிப் பார்.

1. காசு கட்ட முதல் கேட்டுவிடு

முதலில் உன் வெட்டுப்புள்ளியைப் பார். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் தொடர்பாடல், ஊடகக் கற்கைகள் இருக்கின்றன. அங்கே இடம் கிடைத்தால் தட்டிவிடாதே. படிப்புக்குக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மஹாபொல உதவியும் வரும்.

அது கைகூடாவிட்டால் மனம் உடையத் தேவையில்லை. கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. 2003இல் உருவான இலங்கை பத்திரிகை ஸ்தாபனத்தின் கீழ் அது இயங்குகிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு வருட டிப்ளோமா நடத்திவந்த இடம். அதைவிட வேறு தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. எங்கே சேர்வதென்றாலும் பணம் கட்ட முதல் இவற்றைக் கேள்:

- மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா? பதிவு இலக்கத்தை வாங்கி, ஆணைக்குழுவிடமே உறுதிப்படுத்து. பலகையில் எழுதியிருப்பதை நம்பி நிற்காதே.
- சான்றிதழுக்குத் தேசிய தொழிற் தகைமை (என்.வி.கியூ.) மட்டம் உண்டா? 5 என்றால் டிப்ளோமா, 6 என்றால் உயர் டிப்ளோமா, 7 என்றால் பட்டம். வெளிநாட்டுப் பட்டம் என்று சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று விசாரி.
- மொத்தச் செலவு எவ்வளவு? பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுத்தில் கேள். இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கு.
- எத்தனை மாணவர், எத்தனை கமரா, எத்தனை எடிட்டிங் கணினி? கலையகத்தைக் கண்ணால் பார்.
- போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே? இரண்டு பேருடனாவது கதை.

தமிழ்மொழி மூலம் என்று சொன்னால் ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழ் விரிவுரையாளர் இருக்கிறாரா என்று கேட்க மறக்காதே. நான் முதலில் சேர்ந்த ஓர் இடத்தில் இதைக் கேட்கவில்லை. ஊடகச் சட்டப் பாடத்துக்குத் தமிழில் ஆள் இல்லை என்று வகுப்பு தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. சிங்கள வகுப்பின் பின்வாங்கில் எங்கள் ஆறு பேரையும் இருத்தினார்கள். ஒரு தவணை முழுதும் பாதி விளங்கியும் விளங்காமலும் போனது. கட்டிய காசும் திரும்பி வரவில்லை.

2. போர்டிங்கும் செலவும்

கொழும்பில் தங்க இடம் தேடும்போது வாடகைக்கு அடுத்ததாகக் கேட்க வேண்டியது, "இரவு எத்தனை மணிக்கு கேற் பூட்டுவீங்க?" என்பது. மற்றப் படிப்புகளுக்கு அது பெரிய விஷயமில்லை. உனக்கு முக்கியம். கூட்டம், நாடக விழா, தேர்தல் முடிவு என்று பயிற்சிக்குப் போகும் நாளில் இரவு பத்தரை ஆகும். கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்கி வீட்டுக்கார அம்மாவிடம் முதலே காட்டிவிடு. முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதே.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே. காலையில் தேநீரோடு ஓடி, பின்னேரம் கொத்து சாப்பிட்டுப் படுத்த ஆண்டில் எனக்கு வந்த வயிற்றுவலி இன்னும் முழுதாகப் போகவில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு ரைஸ் குக்கர் வாங்குங்கள். சோறும் பருப்பும் அவித்து, ஊரில் இருந்து கொண்டுபோகும் கருவாட்டுச் சம்பலோடு சாப்பிட்டாலே போதும்.

கருவி என்று பார்த்தால் நல்ல போன் ஒன்று, சட்டையில் குத்தும் சின்ன மைக், பவர் பேங்க், கையடக்க முக்காலி. முதல் வருடத்துக்கு இவ்வளவும் காணும். ஊர் திரும்பும் ரயில் காசை மட்டும் எப்போதும் தனியாக மடித்து வைத்திரு. அவசரத்துக்கு யாரிடமும் கை நீட்டாமல் வீட்டுக்கு வந்து சேரலாம் என்ற தைரியம் பெரியது.

3. கொப்பியை இப்படிப் பாவி

ஒரு பக்கத்தின் மேலே திகதி, நேரம், இடம். இடப் பக்கத்தில் நீ கண்டது. வலப் பக்கத்தில் மற்றவர் சொன்னது. இரண்டையும் கலக்காதே. எழுத இருக்கும்போது, "இது நான் பார்த்ததா, அவர் சொன்னதா?" என்ற சந்தேகம் வராது. ஒருவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே போட வேண்டுமென்றால் மட்டும் மேற்கோள் குறி இடு.

பெயரை நீயாக எழுதாதே. கொப்பியை நீட்டி, "உங்கட பெயரை நீங்களே எழுதித் தாங்க" என்று கேள். சிவகுமாரா சிவக்குமாரா, முகம்மதுவா மொஹமட்டா என்பது அவரவர் அடையாள அட்டையில் இருக்கிறபடிதான். பெயர் பிழைத்த செய்தியை அந்த வீட்டார் வெட்டி வைக்கமாட்டார்கள். நீ எழுதிய மிச்சம் எல்லாம் சரியாக இருந்தாலும் அவர்களுக்கு அது பிழையான செய்திதான்.

அன்றைய குறிப்பை அன்றே தட்டச்சு செய். யூனிகோட் விசைப்பலகையோடு பாமினியும் பழகு. எங்கள் நாட்டுப் பத்திரிகைக் கணினிகளில் பாமினி இன்னும் புழங்குகிறது. பயிற்சிக்குப் போன முதல் நாளே கை ஓடினால் உன்மேல் அவர்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்.

4. மூன்று மொழியையும் விடாதே

தமிழில் எழுதப் போகிறாய், உண்மைதான். ஆனால் பொலிஸ் அறிக்கை, திணைக்களச் சுற்றறிக்கை, அமைச்சரின் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் வரும். சட்டமும் ஆய்வும் ஆங்கிலத்தில் கிடைக்கும். மற்றவர் மொழிபெயர்த்துத் தரும்வரை காத்திருப்பவள் எப்போதும் இரண்டாவதாகத்தான் வருவாள்.

தினமும் ஒரு வேலை செய். இரவுச் செய்தியை மூன்று மொழியிலும் கேட்டு, ஒவ்வொன்றிலும் முதலாவது செய்தி எது என்று கொப்பியில் எழுது. ஒரே நாள், ஒரே நாடு, மூன்று வேறு முதல் செய்தி வரும். ஏன் அப்படி என்று யோசிக்கத் தொடங்கினால் ஊடகக் கோட்பாட்டு வகுப்பு தானாக விளங்கும். பத்திரிகைகளையும் அப்படியே ஒப்பிட்டு வாசி. 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் வந்த தினகரன், யாழ்ப்பாணத்தில் 1985 முதல் வரும் உதயன், 1997இல் தொடங்கிய தினக்குரல். ஒவ்வொன்றும் ஒரே சம்பவத்துக்கு எந்தச் சொல்லைப் போடுகிறது என்று கோடிட்டுப் பார்.

முறைச்சொல்லும் மொழிதான். கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் அம்மாவிடம் கதைக்கும்போது "ராத்தா" என்று தொடங்கிப் பார், முகம் மலரும். சிங்களத்தில் "அய்யா" என்றால் அண்ணன். நாங்கள் மரியாதைக்குச் சொல்லும் ஐயாவை அங்கே அதே பொருளில் எடுக்கமாட்டார்கள். "அக்கா" மட்டும் இரண்டு மொழியிலும் அக்காதான். இந்த மாவட்டத்தில் மூன்று சமூகத்தின் வாசலிலும் ஏறி இறங்கப் போகிறவள் நீ. ஒவ்வொரு வாசலிலும் சரியான சொல்லோடு நில்.

5. உன் ஊர்தான் செய்முறைக் கூடம்

விடுமுறைக்கு வரும்போது தூங்கிக் கழிக்காதே. கொழும்புப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பாடப்புத்தகம் எங்கள் வீட்டு வாசலில் விரிந்து கிடக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவு. முதலில் அந்தப் பதினொன்றையும் பிழையில்லாமல் எழுதப் பழகு: பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல், கந்தளாய், தம்பலகாமம், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர, குச்சவெளி. எந்த ஊர் எந்தப் பிரிவுக்குள் வரும் என்று தெரியாமல் செய்தி எழுதினால், பொறுப்பான அலுவலகம் எது என்பதே உனக்குத் தெரியாது.

இனிக் கணக்கு. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 என்று எல்லோரும் சொல்வார்கள். 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி 14 குதம் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. கூட்டிப் பார்: 14, 24, 61. சரியாக 99. அந்தக் கூட்டு நிறுவனத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், மற்றவருக்கு 49. இதையும் கூட்டு. எண் கையில் வந்ததும் கூட்டிப் பார்ப்பது பல் விளக்குவது போல ஒரு பழக்கமாக வேண்டும். கூட்டுத்தொகை பிழைத்தால் அந்த இடத்தில் உனக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. கூட்டுத்தொகை சரிவந்தால் அடுத்த கேள்விக்குப் போ: இதில் எத்தனை குதம் இன்று பாவனையில் இருக்கிறது, எத்தனை காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கிறது?

"உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகம்", "நாட்டிலேயே முதலாவது" என்ற வரிகளைக் கண்டால் பேனையை நிறுத்து. யார் அளந்தது, எப்போது அளந்தது? 2009 ஒக்டோபரில் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர் என்று எழுதலாம், அது அளந்த கணக்கு. பட்டப்பெயர்கள் ஊர்ப்பெருமைக்கு நல்லது. செய்திக்கு அளவு வேண்டும்.

எனக்கு இந்தப் பாடம் மீனில்தான் தொடங்கியது. முதல் பயிற்சியாக மீன் விலை உயர்வு பற்றி எழுதச் சொன்னார்கள். ஊரில் ஒருவருக்குப் போன் எடுத்து, பாரை ஒரு கிலோ என்ன விலை என்று கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ஒரு கேள்விதான் கேட்டார்: "இது கரை விலையா, சந்தை விலையா?" எனக்குப் பதில் தெரியவில்லை. கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், ஒருநாளும் ஏலத்தை நின்று பார்த்ததில்லை. அடுத்த விடுமுறையில் விடிய ஐந்தரைக்குக் கடற்கரைக்குப் போனேன். போட் கரையேறியதும் மீனைக் குவிக்கிறார்கள். ஒருவர் கேட்கிறார், மற்றவர் கூட்டுகிறார், ஒரு நிமிடத்துக்குள் குவியல் கை மாறுகிறது. அதே மீன் ஐஸ் பெட்டிக்குள் ஏறி, சந்தைக்குப் போய், இன்னொரு பங்கு லொறியில் கொழும்புக்குப் போய், மூன்று இடத்தில் மூன்று விலைக்கு விற்கிறது. எண்ணெய், ஐஸ், கூலி கழித்து வலை இழுத்தவனுக்கு என்ன மிஞ்சியது என்பதை நான் அன்று கேட்டு எழுதினேன். "விலை உயர்வு" என்ற தலைப்பே மாறிவிட்டது.

6. காற்றைக் கவனி

இதைக் கல்லூரியில் சொல்லித் தரமாட்டார்கள், எங்கள் ஊரில்தான் படிக்கலாம். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் காற்று அடிக்கும். ஒருமுறை ஆடி மாதத்தில், கடலில் கணவரை இழந்த ஓர் அம்மாவைக் கடற்கரை மரத்தடியில் வைத்துப் பதிவு செய்தேன். நாற்பது நிமிடம் மனம் திறந்து கதைத்தார். போர்டிங்குக்குப் போய்க் கேட்டால் முழுக்க "ஹூ" என்ற காற்றுச் சத்தம். அவர் குரல் எங்கோ அடியில் கிடந்தது. திரும்பிப் போய் இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். "சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு மகள்" என்றார். அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து என் முறை இது: காற்றுக்கு முதுகு காட்டி நிற்பேன், கதைப்பவரைச் சுவர் மறைவில் இருத்துவேன். மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறை போடுவேன். உறை இல்லாவிட்டால் கைக்குட்டையைச் சுற்றுவேன். முதல் அரை நிமிடம் பதிவு செய்து, இயர்போனில் கேட்டுப் பார்த்த பிறகுதான் முதலாவது கேள்வி. ஒருவர் தன் துயரத்தை ஒரு தடவைதான் அப்படிச் சொல்லுவார். அந்தத் தடவையை வீணாக்க எங்களுக்கு உரிமை இல்லை.

7. செத்த வீட்டு வாசலில்

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் போன பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். இப்படியான நாளில் நீ எப்படி நடப்பாய் என்று இப்போதே தீர்மானித்துக்கொள். கமராவைப் பைக்குள் வை. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேள். தாயிடம் "எப்படி உணருறீங்க" என்று கேட்கவே கூடாது. கதைக்க விருப்பமா என்று மட்டும் கேட்டு, இல்லையென்றால் கும்பிட்டுவிட்டுத் திரும்பு. பிள்ளைகளின் உடலைப் படம் எடுத்துப் பகிராதே, மற்றவர் பகிர்ந்ததையும் அனுப்பாதே.

இதற்கு அடுத்ததும் முக்கியம். அங்கே புதுப் பாலம் கட்டப் பழையது அகற்றப்பட்டிருந்தது. சனம் வேறு வழியில்லாமல் படகுப்பாதையில் போய்வந்தது. அந்தச் செய்தி விபத்துக்கு முந்தியே அங்கே கிடந்தது. மிதக்கும் பலகையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதலே போய்ப் பார்த்து எழுதுகிற செய்தியாளர்கள் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும். உன் ஊரில் இன்றைக்கு எந்தப் பாலம், எந்த மதகு, எந்த வகுப்பறைக் கூரை அப்படி நிற்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திரு.

8. தகவல் கேட்கும் உரிமையைப் பாவி

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இதற்கு ஊடக அடையாள அட்டை தேவையில்லை. எந்த இலங்கைப் பிரசையும் கேட்கலாம், மாணவியும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுது. தகவல் அலுவலரின் பெயருக்குக் கொடுத்து, கிடைத்ததென்று எழுத்தில் வாங்கு. 14 வேலை நாட்களுக்குள் தருவோமா மாட்டோமா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

கேள்வியைச் சின்னதாக வை. "மீன்பிடி அபிவிருத்தி பற்றிய விபரம்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இன்ன இறங்குதுறைத் திருத்த வேலைக்கு இன்ன ஆண்டில் ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், முடிவுத் திகதி" என்று கேட்டால் நான்கு வரியில் பதில் வரும். அந்த நான்கு வரியை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போய் நின்று பார்.

9. உயிரும் போனும்

இந்த ஊரில் இதழியல் படிக்கும் எவரும் சுப்பிரமணியம் சுகிர்தராஜனின் பெயரைத் தெரிந்திருக்க வேண்டும். சுடர் ஒளி பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாகத்தான் முதலில் சொல்லப்பட்டது. சுகிர்தராஜன் போய்ப் பார்த்தார், உடல்களைப் படம் எடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை அந்தப் படங்கள் உலகத்துக்குக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலை, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றுவரை அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதை உன்னைப் பயப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்த்ததால் ஐந்து பிள்ளைகளைப் பற்றிய பொய் நிலைக்காமல் போனது. நீ படிக்கப் போகும் தொழிலின் பெறுமதி அதுதான். அதற்காகவே உன்னைக் காப்பாற்றிக்கொள்வதும் தொழிலின் பகுதி:

- எங்கே போகிறாய், யாரைச் சந்திக்கிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவருக்காவது செய்தி அனுப்பிவிட்டுப் போ. திரும்பியதும் சொல்.
- கடற்படைத் தளம், துறைமுகப் பாதுகாப்பு வலயம் போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதே. முகநூல் நேரலை அறவே வேண்டாம்.
- போனுக்கு நீளமான கடவு எண் போடு. பதிவுகளை அன்றே இன்னோர் இடத்தில் பிரதி எடு. தகவல் தந்தவரின் பெயர் வெளிவரக்கூடாதென்றால் கொப்பியிலும் அதை எழுதாதே.
- சட்டத்தைத் தெரிந்துகொள். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் குடியியல் வழக்கு போடலாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் உன் முகநூல் பதிவுக்கும் பொருந்தும். ஊடகச் சட்ட வகுப்பை ஒருநாளும் தவறவிடாதே.

10. பயிற்சிக் காலத்தில்

பயிற்சிக்குப் போகும் செய்தி அறையில் உன் பிரதியை வெட்டுவார்கள். அழாதே. அச்சில் வந்ததையும் நீ கொடுத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டு. எந்தச் சொல் போனது, ஏன் போனது என்று உதவி ஆசிரியரிடம் கேள். நல்லவர்கள் நிச்சயம் சொல்லித் தருவார்கள். உன் பிழை அச்சில் வந்துவிட்டால் முதலில் நீயே போய்ச் சொல், திருத்தம் போடச் சொல். வாசகர் முறையிட பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போகும்வரை விடுவது அழகில்லை.

பெண் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை தருகிறேன், பைலைன் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு எல்லை மீறுபவன் எவனாவது இருந்தால், "நமக்குத்தான் கெட்ட பெயர் வரும்" என்று வாயை மூடாதே. திகதி, நேரம், சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர், எல்லாவற்றையும் எழுது. குறுஞ்செய்தியை அழிக்காதே. என்னிடம் சொல், கல்லூரியில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த பாதுகாப்பு அது. மகளிர் உதவி இலக்கம் 1938. எந்த வேலையும் உன் நிம்மதிக்கு ஈடில்லை.

11. சான்றிதழுக்குப் பிறகு

டிப்ளோமா ஒரு கதவைத் திறக்கும். உள்ளே போனதும் கேட்பது, "என்ன எழுதியிருக்கிறாய், காட்டு" என்றுதான். படிப்பு முடியும்போது பத்து நல்ல ஆக்கம் உன் கையில் இருக்க வேண்டும். ஊர்ப் பக்கங்களில் வந்தவற்றை அன்றே ஸ்கேன் செய்து வை, பிறகு தேடினால் கிடைக்காது.

பிரதேச செய்தியாளருக்குப் பெரும்பாலும் பிரசுரமான செய்திக்குத்தான் காசு. அதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடத்துவது கஷ்டம். அதனால் படிக்கும்போதே மொழிபெயர்ப்பு, எடிட்டிங், வீடியோவுக்கு உபதலைப்பு போடுவது என்று கூடுதலாக ஒரு கைத்தொழில் பழகு. வயிறு நிறைந்தவளை விலைக்கு வாங்குவது கடினம். செய்தி போடச் சொல்லி உறைக்குள் காசு நீட்டும் கைகள் வரும், போடாதே என்று நீட்டும் கைகளும் வரும். இரண்டையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுக்க உனக்கு வேறொரு வருமானம் இருக்க வேண்டும்.

இனி உனக்கு ஒரு வேலை தருகிறேன். வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போ. போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கொப்பியை மட்டும் எடு. ஒரு போட்டைத் தெரிவு செய். அது எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை லீற்றர் எண்ணெய் எரித்தது, எத்தனை கிலோ ஏறியது, என்ன விலைக்குப் போனது, எத்தனை பேருக்குப் பங்கு பிரிந்தது என்று கேட்டு எழுது. பெயரை அவரையே எழுதச் சொல். பங்கைக் கூட்டிப் பார். முந்நூறு சொல்லில் எழுதி, ஞாயிறு இரவுக்குள் எனக்கு அனுப்பு. சிவப்புப் பேனையோடு காத்திருப்பேன்.

அதைச் சரியாகச் செய்தால் கமரா நான் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா